அணில், பல்லி, காகம்: கொழும்பில் வீட்டு ஏசியைக் காக்க எந்த வழிக்குக் காசு செலவழிக்கலாம்?

கொழும்பில் ஏசி குளிராமல் போனால் முதலில் வாயில் வருவது "கேஸ் முடிஞ்சிட்டுது" என்பதுதான். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீர்வதில்லை. குழாயில் கசிவு இல்லையென்றால் அது பல வருடங்களுக்கு அதே அளவில் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் கேஸ் அடிக்கச் சொல்வதற்கு முன்னர் வெளிச்சுவரில் தொங்கும் அவுட்டோரையும் அதிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாய்களையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது நல்லது. குழாயின் கறுப்பு றப்பர் உறை துண்டு துண்டாகக் கிழிந்து கிடக்கலாம். மேல்தகட்டில் சுள்ளிக் கூடு இருக்கலாம். மூடியைக் கழற்றினால் உள்ளே மின்சுற்றுப் போர்டின்மேல் கருகிய பல்லி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது. கால்வாய்களில் கபரகொய்யா நீந்துகிறது, புறநகர்ச் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை திரிகிறது, பழைய ஓட்டு வீடுகளின் முகட்டில் மரநாய் குடித்தனம் நடத்துகிறது. நிழலும் இளஞ்சூடும் மழைக்கு ஒதுங்க மூலையும் உள்ள ஒரு தகரப் பெட்டியை வெளிச்சுவரில் மாட்டிவைத்தால் யாராவது குடிவரத்தான் செய்வார்கள்.

அவர்களைத் தள்ளிவைக்க ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். இரும்புக்கூடு அடி என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வலை கட்டு என்கிறார் மச்சான். எலிப்பாஷாணம் வை என்று கடைக்காரர் ஒரு பொதியை நீட்டுகிறார். எல்லாவற்றுக்கும் காசு போகும், சிலது ஏசிக்கே கேடு செய்யும். என் கட்சி இதுதான்: வந்த பிராணி எது என்று தெரியாமல் எதையும் வாங்கக்கூடாது. காகத்தை நிறுத்தும் கூடு பல்லிக்கு வாசலாக இருக்கும். பல்லியை நிறுத்தும் சிலிக்கன் அணிலுக்கு ஒரு கடிக்கும் காணாது.

எது வந்தது என்று கண்டுபிடிப்பது

அணிலுக்கும் எலிக்கும் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கடித்துத் தேய்க்காவிட்டால் அவற்றால் இருக்க முடியாது. குழாயைச் சுற்றியிருக்கும் மென்மையான உறை பல்லுக்கும் தோது, கூட்டுக்குள் விரிக்கவும் தோது. அணில் பகலில் வரும், வெளியே தெரியும் வளைவுகளில் உறையைப் பிய்க்கும். எலியும் அகளானும் இரவில் வரும், சுவரில் குழாய் நுழையும் துளையைச் சுற்றிக் கடிக்கும், புழுக்கையை விட்டுப் போகும்.

உறை போனால் என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டு ஸ்பிளிட் ஏசியில் தடித்த குழாய், மெல்லிய குழாய் இரண்டுமே குளிரூட்டும்போது குளிர்ந்துதான் இருக்கும், ஏனென்றால் கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. உறை இல்லாத செம்பில் கொழும்பின் ஈரக்காற்று பட்டால் நீர்த்துளி கட்டும். அது சுவரில் வழிந்து பச்சைப்பாசி பிடிக்கும், பூச்சு உப்பும். அறைக்குள் வரவேண்டிய குளிரில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும், அதை ஈடுகட்ட இயந்திரம் கூடுதல் நேரம் ஓடும். அலகுக்கு அலகு படி ஏறும் நம் மின்கட்டண முறையில், மாதம் 180 அலகைத் தாண்டிய வீட்டுக்கு இந்தக் கூடுதல் ஓட்டம் முழுவதும் மிக உயர்ந்த விலையில்தான் விழும்.

உறையோடு நின்றால் பரவாயில்லை. அதே கட்டோடு இண்டோருக்கும் அவுட்டோருக்கும் இடையே பேசும் வயரும் போகிறது. அது அறுந்தால் இண்டோரின் விளக்கு மினுக்கத் தொடங்கும், திரையில் ஒரு குறியீடு வரும். டைகினில் யு4, எல்ஜியில் சிஎச்05 என்பன இரண்டு பெட்டிகளுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று சொல்பவை. போர்ட் பழுதானாலும் இதே குறியீடு வரலாம். ஆனாலும் போர்டை மாற்றுவதற்கு முதல் வயரை முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டின் விலையையும் ஒன்றாகப் பேசவே முடியாது.

பல்லியின் கதை வேறு. ஏசியை ரிமோட்டால் நிறுத்தினாலும் அவுட்டோருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்தால் போர்ட் லேசாகச் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், மூலையில் முட்டையும் இடும். இன்வேர்ட்டர் போர்டில் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறி 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. போர்டின் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பல்லி உடம்பை வைத்தால் அதுவும் முடிந்தது, போர்டும் முடிந்தது. எறும்பும் இப்படித்தான் வரும். சில வகை எறும்புகள் மின்சாரம் தாக்கிச் சாகும்போது விடும் வாசனை மற்றவற்றையும் அங்கேயே அழைக்கிறது, கொஞ்ச நேரத்தில் தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டலமாகக் குவிந்துவிடும்.

காகம், மைனா, புறா மூன்றும் பெட்டியின் மேலும் பின்னாலும் உட்காரும் கூட்டம். கொழும்புக் காகம் சுள்ளியோடு கம்பித் துண்டுகளையும் கூட்டில் வைக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் அதற்குக் கம்பிக்குப் பஞ்சமில்லை. கம்பி ஒன்று நழுவி விசிறிக்குள் விழுந்தால் இதழ் உடையும். புறா எச்சம் அலுமினியத் தகடுகளை அரிக்கும், இடுக்குகளை அடைக்கும்.

பன்னிப்பிட்டி, தலங்கமைப் பக்கம் மரம் நிறைந்த தோட்டத்தோடு இருப்பவர்களுக்கு இன்னொருவரும் உண்டு: ஊதாமுக மந்தி. பலாவிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து ஏசிப் பெட்டிக்கும் பாய்வது அதற்குச் சர்வசாதாரணம். பிடிதாங்கி வளைந்து, குழாய் நெளிந்து, பொருத்து கசிந்தால் அப்போதுதான் உண்மையாகவே கேஸ் போகும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு அது, மேற்குக் கரையோரத்து இனமோ அழிவின் விளிம்பில் நிற்கிறது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. விரட்டக் கல்லெடுப்பதை விடப் பெட்டியின் பக்கம் நீளும் கிளையை வெட்டுவது பலன் தரும்.

கம்பிக்கூடு: எல்லோரும் முதலில் நினைப்பது

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் அண்ணாந்து பார்த்தால் அவுட்டோர்களைச் சுற்றி வெல்டிங் கூடுகள் தெரியும். அவற்றில் பல கள்வருக்குப் பயந்து அடித்தவை. பறவைக்கும் அது ஓரளவு உதவும், குரங்குக்கு நன்றாகவே உதவும். ஒரு அங்குலக் கண் உள்ள கம்பிவலை காகத்தையும் புறாவையும் நிறுத்தும். வளர்ந்த எலியை நிறுத்த அரை அங்குலத்துக்குக் குறைவான கண் வேண்டும், குட்டியைத் தடுக்கக் கால் அங்குலம் வேண்டும். பல்லிக்குஞ்சு அதற்குள்ளும் போகும்.

இங்கேதான் சிக்கல். கண் சிறிதாகச் சிறிதாகக் காற்றும் குறைகிறது. அவுட்டோரின் ஒரே வேலை வீட்டுச் சூட்டை வெளியே தள்ளுவது. பின்பக்கத்தால் காற்றை இழுத்து முன்பக்கத்தால் ஊதுகிறது. முன்னால் நெருக்கமான வலை இருந்தால் சூடான காற்று திரும்பிப் பின்னால் போய் மறுபடி உள்ளே இழுபடும். கம்பிரசரின் அழுத்தம் ஏறும், பில் ஏறும், உச்சி வெயிலில் இயந்திரம் தானாக நின்றும் போகலாம். பிறகு வலையில் தூசும் கடலுப்பும் படிந்தால் அது பாதி மூடிய கதவுதான்.

கடலுப்பைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். காலி வீதிக்குக் கீழே, ரயில் பாதைப் பக்கம் வீடு என்றால் சாதாரண நாக முலாம் பூசிய வலை சீக்கிரமே செம்மண் நிறமாகிவிடும். ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்கினாலும் 304 ரகமா 316 ரகமா என்று கேளுங்கள். 316 இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூட. பழைய சோனகத் தெருவில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பற்றுச்சீட்டில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் புத்தி. எந்த வலையானாலும் அலுமினியத் தகட்டில் முட்டக்கூடாது. உப்பீரத்தில் ஸ்டெயின்லெஸும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும்.

என் தீர்ப்பு: குரங்கும் கள்வரும் இருக்கும் இடத்தில் கூடு சரி. அணிலுக்காகவும் எலிக்காகவும் பெட்டியைச் சுற்றிக் கூடு அடிப்பது பணத்தை இடம்மாற்றி வைப்பது. அவை கடிப்பது பெரும்பாலும் பெட்டிக்கு வெளியே ஓடும் குழாயை.

குழாய்க்கு உறை: மலிவாக முடியும் பெரிய வேலை

கொழும்பில் ஏசி மாட்டுபவர்கள் வழக்கமாகச் செய்வது, உறை போட்ட குழாயையும் வயரையும் வடிகால் குழாயையும் சேர்த்து வெள்ளை பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிவிட்டுப் போவது. அந்த நாடா பசையில்லாதது, வெயிலில் நாளடைவில் நொறுங்கும், அணில் பல்லுக்கு அது தடையே இல்லை. வெயில் தொடர்ந்து படும் றப்பர் உறையும் வெடித்துப் பொடியாகும். அணிலைத் திட்டுகிற பல வீடுகளில் பாதி வேலையை வெயில் செய்து முடித்திருக்கும்.

இதற்கு மூன்று மாற்று இருக்கிறது. முதலாவது, உறையின் மேல் அலுமினிய நாடா சுற்றுவது. மலிவு, வெயிலைத் தடுக்கும், பல்லைத் தடுக்காது. இரண்டாவது, ஏசிக் குழாய்க்கென்றே வரும் பிவிசி கேசிங். சுவரோடு ஒட்டிப் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், அணில் கால் வைக்கவும் பல் வைக்கவும் விளிம்பு கிடைக்காது. முனைகளும் வளைவுகளும்தான் பலவீனமான இடம். முனையில் மூடி போடாமல் விட்டால் எலிக்கு நாமே சுரங்கப்பாதை கட்டிக்கொடுத்ததாகிவிடும். மூன்றாவது, உலோகத் தகட்டால் மூடுவது. கூரை வழியாகவோ மதில் வழியாகவோ குழாய் ஓடுகிற, அகளான் தொல்லை கடுமையான வீட்டுக்கு இதைவிட உறுதியானது இல்லை. கடற்கரைப் பக்கம் அலுமினியத் தகடு போடலாம், இரும்புத் தகடு வேண்டாம்.

இவற்றில் பெரும்பாலான வீட்டுக்குப் பொருந்துவது கேசிங்தான். ஏசியைப் புதிதாக மாட்டும் நாளிலேயே சொல்லிவிட்டால் கூலி கொஞ்சமே கூடும். பிறகு செய்வதென்றால் குழாயைக் கழற்றாமலே மேலே மூடும் இரண்டு துண்டு வகையைக் கேட்கவேண்டும். கேசிங் போடுவதற்கு முன் கிழிந்த உறையை மாற்றுவது முக்கியம், மெல்லிய குழாய்க்கும் தனி உறை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்துவிட்டுப் போகும் பழக்கம் இங்கே நிறையவே உண்டு.

கேசிங் வந்து முடியும் சுவர்த்துளையை மறக்கக்கூடாது. இரண்டரை அங்குலத் துளையில் குழாய் போனபிறகு மிஞ்சும் இடைவெளியை நுரையால் ஊதி அடைத்துவிட்டுப் போவார்கள். காய்ந்த நுரையை எலி கேக் மாதிரிக் குடையும். இடைவெளிக்குள் ஸ்டெயின்லெஸ் பாத்திரத் தேய்ப்பான் ஒன்றைத் திணித்து மேலே சீமெந்துக் கலவை பூசினால் பல் இறங்காது. வடிகால் குழாயின் முனையிலும் சிறு வலை கட்டலாம், கரப்பானும் பல்லியும் அந்த வழியாக இண்டோருக்குள் ஏறுவதுண்டு. ஆனால் அந்த வலையில் சளிபோல அழுக்குப் படியும், சேர்விஸ் செய்யும்போதெல்லாம் கழுவாவிட்டால் தண்ணீர் திரும்பி அறைக்குள் சொட்டும்.

போர்டைக் காப்பது

பல்லிக்கும் எறும்புக்கும் மேலே சொன்ன எதுவும் உதவாது. அங்கே செய்யக்கூடியது மூன்று. வயர்கள் பெட்டிக்குள் நுழையும் துளைகளை றப்பர் வளையமோ சிலிக்கனோ வைத்து அடைப்பது. போர்டின்மேல் காப்புப் பூச்சு அடிப்பது. ஏசி பல நாட்கள் ஓடாது என்றால் சுவரில் உள்ள அதன் தனிச் சுவிட்சையே நிறுத்திவிடுவது. மூன்றாவது இலவசம், சூடு இல்லாவிட்டால் பல்லிக்கு அங்கே வேலையில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் கதவைப் பூட்டும்போது அந்தச் சுவிட்சையும் தட்டிவிட்டுப் போகலாம்.

அடைப்பதில் ஒரு எச்சரிக்கை. போர்டின் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புக்குக் காற்று போகும் வழிகளும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து அடைத்தால் பல்லி இல்லாமலே போர்ட் எரியும். பூச்சும் அப்படித்தான்: இணைப்பிகளில் படாமல், போர்டைச் சுத்தம் செய்து காயவைத்த பிறகு, பழகிய கை அடிக்கவேண்டும். வீட்டில் யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை அல்ல இது. மெயினை நிறுத்திய பிறகும் போர்டில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கொள்ளளவிகளில் ஆளைத் தூக்கியெறியும் மின்சாரம் சில நிமிடங்கள் தங்கியிருக்கும்.

"அக்கா, போர்ட் போயிட்டுது, மாத்தத்தான் வேணும்" என்று சொன்னால், "சரி தம்பி, கழட்டின போர்டை ஒருக்கா காட்டுங்கோ" என்று கேளுங்கள். கருகிய இடமும் பல்லியின் எச்சமும் கண்ணுக்குத் தெரியும். ஒன்றுமே தெரியாவிட்டால் காரணம் மின்னழுத்த ஏற்றவிறக்கமாகவோ இடியாகவோ இருக்கலாம், அதற்குத் துளையடைப்பது மருந்தல்ல. போர்டைப் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான உத்தரவாத அட்டைகளில் பூச்சி, பல்லி, எலி செய்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும், வாதம் பண்ணவாவது படம் வேண்டும்.

வலை, இடமாற்றம், மருந்து

பால்கனியில் வைத்த அவுட்டோருக்கும் புறாவுக்கும் என்றால் நைலோன் வலை போதும். பெட்டிக்கு அருகில் கட்டாமல் பால்கனி வாயில் முழுவதையும் மூடிக் கட்டினால் காற்றோட்டம் கெடாது. தொய்வாகக் கட்டிய வலையில் பறவை சிக்கிச் சாகும், இழுத்துக் கட்டவேண்டும். தொடர்மாடியில் வெளிச்சுவர் பொதுச் சொத்து. வலையோ கூடோ கேசிங்கோ வெளியே தெரிந்தால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் முதலே கேட்பது சண்டையைக் குறைக்கும்.

இடமாற்றம் கடைசி ஆயுதம். கேஸை அவுட்டோருக்குள் இறக்கிப் பூட்டி, குழாயைக் கழற்றி, புது இடத்தில் பொருத்தி, வெற்றிடப் பம்பு வைத்துக் காற்றை இழுத்தபிறகே திறக்கவேண்டும். புதிய இயந்திரங்களில் உள்ள ஆர்32 எரியக்கூடிய கேஸ், அரைகுறையாகத் தெரிந்தவரிடம் கொடுக்கக்கூடாது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோனால் அணில் குறையும், ஆனால் வெயில் கூடும், குழாய் நீளும், கையேட்டில் உள்ள நீளத்தைத் தாண்டினால் மேலதிக கேஸும் வேண்டும். மரத்திலிருந்து பாயும் தூரத்தில் பெட்டி இருக்கிறது, கிளை பக்கத்து வளவுக்குச் சொந்தம், அவர் வெட்டவும் விடமாட்டார் என்ற நிலைமையில் மட்டும் இதை யோசிக்கலாம்.

மருந்தைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கடையில் விற்கும் எலிப்பாஷாணங்களில் பல இரத்தம் உறையாமல் செய்து சில நாட்களில் கொல்பவை. அந்தச் சில நாட்களில் எலி சீலிங்குக்குள் போய்ச் செத்து நாறும். அதைத் தின்ற பூனையும் ஆந்தையும் மரநாயும் சேர்ந்து சாகும், அவைதான் எலியைக் குறைத்துக்கொண்டிருந்தவை. பசைத்தாளில் பல்லியும் அணிலும் குருவியும் ஒட்டித் துடிக்கும். நப்தலீன் உருண்டை வெளிக்காற்றில் கரைந்து போகும். செவிக்குக் கேளாத ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்று விற்கும் கருவிகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2001 இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும், இப்படிச் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இங்கே அதே கருவி இன்னும் சலுகை விலையில் ஓடுகிறது.

யாருக்கு எது

கடற்கரைப் பக்கத் தொடர்மாடி என்றால் கேசிங்கும் துளையடைப்பும் முதலில், புறா இருந்தால் பால்கனி வலை, கூடு வேண்டாம். தெஹிவளை, இரத்மலானைப் பக்கத்துப் பழைய தோட்ட வீடு என்றால் குழாய்க்கு உலோக மூடி, சுவர்த்துளைக்குச் சீமெந்து, கிளை வெட்டு. இரண்டிலும் இன்வேர்ட்டர் போர்டுக்கு வருடாந்த சேர்விஸின்போது துளை அடைப்பும் பூச்சும். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் சுவர்த்துளையைத்தான் அடைப்பேன், அது ஏசியோடு சமையலறையையும் காக்கும்.

சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் பரவும் நாடு இது. காய்ந்த புறா எச்சத்தைத் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு எடுக்கவேண்டும், வெறுமனே கூட்டினால் தூள் நெஞ்சுக்குள் போகும். காகக் கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறந்துபோகும்வரை காத்திருப்பது உங்கள் தலைக்கும் நல்லது, தாய்க்காகம் கொத்தாமல் விடாது.

அனெக்ஸில் வாடகைக்கு இருப்பவர்கள் சுவரைத் துளைக்க முடியாது. அவர்கள் அலுமினிய நாடாவோடும் சுவிட்சை நிறுத்துவதோடும் நிற்கவேண்டியதுதான். வீடு எடுக்கும்போதே ஏசியின் அவுட்டோரையும் குழாயையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிராணி செய்த சேதத்துக்கு யார் காசு கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அணில் ஏற்கெனவே கடித்துவைத்த உறைக்கு ஆறு மாதம் கழித்து உங்கள் முற்பணத்தில் கழிக்கும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.